கூனி வேண்டாம் என்று சொன்ன நாள்: ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு பவுண்டரி, ஒரு பிஐபி

நாலு மாசத்துக்கு மேல எபிசோட் எதுவும் போடலை. "என்னாச்சு, கடையைச் சாத்திட்டீங்களா"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சாத்தலை. ஆபீஸ்ல எனக்கு பிஐபி போட்டுட்டாங்க. பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் ப்ளான். அந்த மூணு எழுத்து தெரியாதவங்க இந்த எபிசோடை ஜாலியா கேட்கலாம். தெரிஞ்சவங்களுக்கு வயித்துல ஒரு மாதிரி ஆகும், மன்னிச்சுக்கோங்க.

போன வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனியில என்னோட கடைசி நாள் முடிஞ்சுது. இப்பதான் பேச முடியுது. ஆனா இது என் சொந்தக் கதை எபிசோட் இல்லை. வழக்கம் போல வரலாறுதான். என் கதை நடுநடுவுல வரும். ஏன்னா 1911-ல அமெரிக்காவுல ஒரு பவுண்டரியில நடந்த ஒரு வார வேலைநிறுத்தத்தைப் பத்திப் படிச்சுக்கிட்டு இருந்தப்பதான் எனக்கு அந்தக் கடிதம் வந்தது. அதைப் படிச்சிருக்கலைன்னா, அன்னைக்கு சாயங்காலமே ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி

"கேட்ச் அப்" என்ற தலைப்பில் ஒரு மீட்டிங் அழைப்பு. உள்ளே போனால் மேனேஜரோடு எச்.ஆர். பெண்மணி ஒருவரும் இருந்தார். கேட்ச் அப்புக்கு எச்.ஆர். எதுக்குன்னு மனசு கேட்டுச்சு. மூன்று பக்க ஆவணம் திரையில் வந்தது. அறுபது நாட்களுக்குள் நான் செய்ய வேண்டியவை மூன்று. ஒரு டிக்கெட்டை முடிக்க நான் எடுக்கும் சராசரி ஒன்பது நாளை நான்கு நாளாகக் குறைக்க வேண்டும். நான் முடித்த டிக்கெட் எதுவும் மறுபடி திறக்கப்படக் கூடாது. மூன்றாவது, "பொறுப்புணர்வோடு செயல்படும் மனநிலையை வெளிப்படுத்த வேண்டும்."

மூணாவதை எந்த ஸ்கேல் வச்சு அளப்பாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

பிப்ரவரியில், வார இறுதி ஆன்கால் வேலைக்கு ஈடாக விடுப்பு உண்டா என்று டீம் மீட்டிங்கில் நான் கேட்டிருந்தேன். ஏப்ரலில் என்னை ஒரு பழைய பேமென்ட் மாட்யூலுக்கு மாற்றினார்கள். ஜூனில் இந்தக் கடிதம். மூன்றுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதனால அதை அப்படியே விட்டுடறேன். "சாயங்காலத்துக்குள்ள சைன் பண்ணிடுங்க, ஃபார்மாலிட்டிதான்" என்றார் எச்.ஆர்.

அப்பா ரிட்டயர்ட். வீட்டுக் கடன் என் பெயரில். அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கேட்டதுக்கு அசிடிட்டின்னு சொல்லிட்டேன்.

சரி, பவுண்டரிக்குப் போவோம்.

டெய்லரின் இரும்புக் கதை

வேலையை நேரத்தால் அளந்து, அந்த அளவை இலக்காக்கி, அதை எட்டாதவரைக் கழிப்பது என்ற யோசனைக்குப் பல முன்னோடிகள் உண்டு. அதை ஒரு முறையாக்கி உலகத்துக்கு விற்றவர் ஃப்ரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். ஃபிலடெல்ஃபியாவின் வசதியான குடும்பத்துப் பிள்ளை. 1881-ல் அமெரிக்க டென்னிஸ் இரட்டையர் பட்டம்கூட ஜெயித்தவர். மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரண வேலையில் தொடங்கி மேற்பார்வையாளராக, பிறகு பொறியாளராக உயர்ந்தார்.

அவர் ஊர் ஊராகச் சொன்ன கதை 1899-ல் பெத்லஹெம் எஃகு ஆலையில் நடந்தது. தொழிலாளர்கள் வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் பெட்டியில் ஏற்றுவார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன். டெய்லர் கணக்குப் போட்டு, நல்ல ஆள் 47 டன் ஏற்றலாம் என்றார். "ஷ்மிட்" என்று அவர் பெயர் வைத்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, 1.15 டாலராக இருந்த நாள்கூலியை 1.85 டாலராக்கி, தூக்கு என்றால் தூக்கி, உட்கார் என்றால் உட்கார வைத்து, 47 டன் ஏற்ற வைத்ததாக 1911-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார்.

கவனிங்க, வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு. கூலி அறுபது சதவீதம்தான் கூடுச்சு. அந்தக் கூட்டத்தில் எட்டுப் பேரில் ஒருவரால்தான் இந்த வேகத்தில் வேலை செய்ய முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்த 47 எங்கிருந்து வந்தது? 1970-களில் ஆய்வாளர்கள் ஆலையின் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். வலுவான பத்துப் பேரை முழு வேகத்தில் ஓட விட்டிருக்கிறார்கள். பதினாறரை டன் பெட்டி ஒன்று பதினான்கு நிமிடத்தில் நிறைந்திருக்கிறது. அந்தப் பதினான்கு நிமிடத்தை ஒரு முழு நாளுக்கு விரித்து, ஓய்வுக்கென்று ஒரு பங்கைக் கழித்திருக்கிறார்கள். அறிவியல் என்று விற்கப்பட்ட எண்ணுக்கு அடித்தளம் இவ்வளவுதான்.

நம்ம பாஷையில சொன்னா, லோக்கல் மெஷின்ல ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, அதை ப்ரொடக்ஷன் எஸ்எல்ஏன்னு எழுதிக் கொடுத்த மாதிரி.

வாட்டர்டவுன்

பாஸ்டன் பக்கத்தில், சார்ல்ஸ் ஆற்றங்கரையில் வாட்டர்டவுன் ஆர்செனல் இருந்தது. அமெரிக்க ராணுவத்தின் தளவாடத் தொழிற்சாலை. கடலோரப் பீரங்கிகளைத் தாங்கும் வண்டிகளைச் செய்த இடம். அங்கே வேலை செய்தவர்கள் அரசுத் தொழிலாளர்கள். ராணுவத் தளவாடத் துறையின் தலைவர் ஜெனரல் வில்லியம் குரோசியருக்கு டெய்லர் முறை பிடித்துப் போனது. 1909-ல் டெய்லரின் சீடர் கார்ல் பார்த் வந்து வேலையைத் தொடங்கினார். நேரம் அளப்பதற்கு ட்வைட் மெரிக் என்பவர் வந்தார்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். வந்தவர்கள் செய்ததெல்லாம் கெடுதல் இல்லை. கருவிகளை ஒழுங்காக அடுக்கினார்கள். எந்த வேலை எப்போது யாருக்கு என்று திட்டம் போட்டார்கள். மெஷின் ஷாப்பில் பலருக்குக் கூலிக்கு மேல் பிரீமியம் கிடைத்தது. பிரச்சினை, ஸ்டாப்வாட்ச் பவுண்டரிக்குள் நுழைந்தபோது வெடித்தது.

ஏன் பவுண்டரியில? இதை எனக்குப் புரிய வச்சவர் எங்க பெரியப்பா. கோயம்புத்தூர்ல முப்பது வருஷம் மோல்டரா இருந்தவர். மோல்டர் வேலை என்றால், பேட்டர்னைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் மண்ணை இடித்து, பேட்டர்னை உருவி எடுத்து, உருகிய உலோகம் ஊற்ற அச்சைத் தயாராக்குவது. ஃபோனில் அவரிடம், "ஒரு மோல்டுக்கு எவ்வளவு நேரம் பெரியப்பா ஆகும்?" என்று கேட்டேன். சிரித்தார்.

"எந்த மண்ணு, என்ன ஈரம், எந்தப் பெட்டின்னு சொல்லாம எப்படிக் கண்ணு சொல்றது? இன்னைக்கு இருக்கற மண்ணு நாளைக்கு இருக்காது. மண்ணை ரொம்ப இடிச்சீன்னா காத்துப் போக வழியிருக்காது, வார்ப்புல ஓட்டை விழுந்துரும். இடிக்கறது பத்தலீன்னா அச்சு சரிஞ்சுரும். அதெல்லாம் கைக்குத்தான் தெரியும்."

மெரிக்குக்குப் பவுண்டரி வேலை தெரியாது. அவருக்கு மெஷின் ஷாப் அளவுதான் பழக்கம். 1911 ஆகஸ்ட் 10 அன்று ஒரு மோல்டரின் பக்கத்தில் வாட்ச்சோடு நின்றார். செய்துகொண்டிருந்த பொருள், பொதி சுமக்கும் விலங்கின் சேணத்துக்கான ஒரு பாகம். மெரிக் அளந்து முடித்து, இந்த வேலைக்கு ஆக வேண்டிய நேரம் இவ்வளவு என்று ஒரு எண் சொன்னார்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. சக மோல்டர் ஒருவரும் அதே நேரத்தில் தன் சொந்தக் கடிகாரத்தில் அளந்துகொண்டிருந்தார். அவர் குறித்த நேரம், மெரிக் சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு பவுண்டரியில், பெரிய பதவி எதிலும் இல்லாத ஒரு ஆள், கம்பெனியின் எண்ணுக்குப் பக்கத்தில் தன்னுடைய எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார். கத்தவில்லை. எண்ணை எண்ணால் சரிபார்த்திருக்கிறார்.

அந்த மாலையும் மறுநாளும்

அன்று மாலை வேலை முடிந்ததும் மோல்டர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு மனு எழுதினார்கள். அரசாங்கத்துக்கு எப்போதும் எங்களால் முடிந்த சிறந்த வேலையைத்தான் தந்து வந்திருக்கிறோம், தலைமேல் கடிகாரத்தைப் பிடித்து நிற்பது எங்களுக்கு அவமானம், இது நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

மறுநாள் ஆகஸ்ட் 11. மெரிக் அடுத்ததாக ஜோசப் கூனி என்ற மோல்டரிடம் போனார். கூனி அளக்க விடவில்லை. ஆர்செனலின் தலைமை அதிகாரி கர்னல் சார்ல்ஸ் வீலர் முன்னால் கூட்டிப் போனார்கள். அங்கேயும் மாட்டேன் என்றார். வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் வெளியே நடந்தார். மற்ற மோல்டர்கள் எல்லோரும் அவர் பின்னால் நடந்தார்கள்.

வேலைநிறுத்தம் ஒரு வாரம்தான். விசாரணை நடக்கும் என்ற உறுதி கிடைத்ததும் திரும்பினார்கள். கூனியும் திரும்பினார். டெய்லருக்கே இதில் வருத்தம் இருந்தது. ஆனால் அவர் குறை சொன்னது வாட்ச்சை அல்ல. தொழிலாளர்களிடம் முன்கூட்டிப் பேசாமல் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதுதான் அவர் குறை.

இப்ப என் கதைக்கு ஒரு நிமிஷம். அன்னைக்கு சாயங்காலம் நான் சைன் பண்ணலை. "ஆவணம் கிடைத்தது, படித்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்று ஒரே ஒரு வரி மெயில் போட்டேன். கிடைத்தது என்பது வேறு, ஒப்புக்கொள்கிறேன் என்பது வேறு. அந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் அக்கா. கூடவே இன்னொன்றும் சொன்னார்: "கம்பெனி கோடு, டேட்டா எதையும் உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பிடாதீங்க தம்பி. அப்புறம் அதுவே ஒரு காரணமாயிடும். உங்க ஆஃபர் லெட்டர், அப்ரைசல் லெட்டர், பே ஸ்லிப், இதெல்லாம் உங்களது. அதை எடுத்து வைங்க. மத்ததை ஆபீஸ் மெயில்லயே கேளுங்க, அவங்களே எழுத்துல பதில் சொல்லட்டும்."

அப்புறம் நான் என் வாட்ச்சை எடுத்தேன். அதாவது டிக்கெட் வரலாறு. நான் முடித்த 31 டிக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த நிலையில் எத்தனை நாள் கிடந்தது என்று ஆபீஸ் ஷீட்டிலேயே எழுதினேன். சராசரி ஒன்பது நாள் என்பது உண்மைதான். அதில் நான் கோடு எழுதியது இரண்டரை நாள். கோட் ரிவ்யூவுக்காக வேறு டீமிடம் காத்துக் கிடந்தது நான்கு நாள். வியாழக்கிழமை மட்டும் நடக்கும் ரிலீஸுக்காகக் காத்திருந்தது இரண்டரை நாள்.

கூட்டிப் பாருங்க. நான் கோடே எழுதலைன்னாலும் ஆறரை நாள் ஆகும். அதை நாலு நாளாக்கணும்னுதான் எனக்கு டார்கெட்.

மறுபடி திறக்கப்பட்ட ஐந்து டிக்கெட்டுகளில் நான்கு, கேட்டவர்கள் பிறகு தேவையை மாற்றியதால் திறந்தவை. ஒன்று என் தப்பு. என் தப்பையும் அப்படியே எழுதினேன். மோல்டர் தன் நிமிடங்களைக் குறைத்து எழுதியிருந்தால் அவர் எண்ணுக்கு மரியாதை இருந்திருக்காது.

டெய்லர் சாட்சி சொல்கிறார்

வாட்டர்டவுனுக்குப் பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. மூன்று உறுப்பினர்கள். தலைவர் வில்லியம் பி. வில்சன். ஸ்காட்லாந்தில் பிறந்து, ஒன்பது வயதிலேயே பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். சங்கம் கட்டியதற்காக வேலை கொடுக்க மறுக்கப்பட்டவர். பிறகு 1913-ல் அமெரிக்காவின் முதல் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

1911 அக்டோபரில் தொடங்கி 1912 பிப்ரவரி வரை விசாரித்தார்கள். மோல்டர்கள் வந்தார்கள். மெஷினிஸ்டுகள் வந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். எல்லாம் மூன்று தொகுதிகளாக அச்சானது. பவுண்டரித் தொழிலாளியின் வாய்மொழி, டெய்லரின் பேச்சுக்குச் சமமாக அதே எழுத்தில் அச்சாகியிருக்கிறது. எனக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

1912 ஜனவரியில் டெய்லர் பல நாள் சாட்சி சொன்னார். தன் முறையின் சாரம் ஸ்டாப்வாட்ச் அல்ல, முதலாளியும் தொழிலாளியும் மனதை மாற்றிக்கொள்வதுதான் என்றார். முறையை ஒருவர் தவறாகப் பயன்படுத்தினால்? அப்போது அது அறிவியல் மேலாண்மையே இல்லை என்பார்.

கேட்ட மாதிரி இருக்கா? "பிஐபி உங்களை வெளியேத்த இல்லை, வளர்க்கத்தான்"னு எச்.ஆர். சொல்றதும் இதேதான். நல்லா நடந்தா முறைக்குப் பேர். தப்பா நடந்தா அது அந்த முறையே இல்லை. அப்போ அந்த முறை என்னைக்குமே தோற்காது.

வில்சன் விடவில்லை. முதல் தரத் தொழிலாளிக்குத்தான் உங்கள் முறை என்றால், முதல் தரம் இல்லாதவர் என்ன ஆவார் என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் அவர் முதல் தரமாக இருக்கக்கூடிய ஏதோ ஒரு வேலை இருக்கிறது என்றார் டெய்லர். முடிந்தும் செய்யாதவனுக்குத்தான் இடமில்லை என்று, பாட முடிந்தும் பாடாத பறவையை உதாரணம் காட்டினார். நாம் பேசுவது குதிரைகளையோ பறவைகளையோ பற்றி அல்ல, சமூகத்தில் ஒரு பங்கான மனிதர்களைப் பற்றி என்ற பொருளில் வில்சன் பதில் சொன்னார்.

குழுவின் அறிக்கை 1912 மார்ச்சில் வந்தது. உடனே சட்டம் வேண்டும் என்று அது கேட்கவில்லை. வாட்டர்டவுனில் நேரம் அளப்பதும் தொடர்ந்தது. மோல்டர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. 1915 மார்ச்சில்தான், ராணுவத்துக்கான நிதிச் சட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. இந்தப் பணத்தை எடுத்து ஆர்செனல்களில் ஸ்டாப்வாட்ச்சால் தொழிலாளியை அளக்கவோ, அதன் பேரில் பிரீமியம் கொடுக்கவோ கூடாது. அதே மாதம் 21-ம் தேதி டெய்லர் இறந்தார். அந்தத் தடை வருடாவருடம் புதுப்பிக்கப்பட்டு 1949 வரை நீடித்தது.

கூனி மாட்டேன் என்று சொன்னதிலிருந்து சட்டம் வர மூன்றரை வருஷம். அதுவும் அரசுத் தொழிற்சாலைகளுக்கு மட்டும். தனியார் கம்பெனிகளில் வாட்ச் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

வாட்ச் எங்கே போச்சு?

எங்கேயும் போகலை. ஆபீஸுக்குள்ள வந்துடுச்சு. 1981-ல் ஜெனரல் எலக்ட்ரிக் தலைவரான ஜாக் வெல்ச், ஆட்களை 20, 70, 10 என்று பிரித்தார். மேல் இருபதுக்குப் பரிசு, கீழ்ப் பத்துக்கு வாசல். மைக்ரோசாஃப்ட் உட்பட நிறைய கம்பெனிகள் இதே மாதிரி வரிசைப்படுத்தினார்கள். ஒரு டீமில் பத்துப் பேரும் நன்றாக வேலை செய்தாலும் யாராவது ஒருவர் கடைசியில் நின்றே ஆக வேண்டும். 2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த முறையைக் கைவிட்டது. வரிசை போனாலும், கடைசியில் நிற்பவரிடம் ஆவணத்தை நீட்டும் பழக்கம் போகவில்லை.

நம்ம ஊருக்கும் இந்த வரலாற்றில் ஒரு அத்தியாயம் உண்டு. 2014 கடைசியில் பெரிய ஐடி நிறுவனம் ஒன்றில் ஆட்குறைப்புச் செய்தி பரவியபோது, சென்னையில் ஐடி ஊழியர்கள் வெளிப்படையாகச் சேர்ந்து பேசத் தொடங்கினார்கள். 2015 ஜனவரியில், கர்ப்பிணியாக இருந்த ஒரு ஊழியரை வேலையிலிருந்து நீக்கியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. பிறகு நிறுவனம் நீக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2016-ல் தமிழ்நாடு அரசு, 1947-ம் வருடத் தொழில் தகராறுச் சட்டம் ஐடி துறைக்கும் பொருந்தும், ஐடி ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியது. அதுவரை நம்மில் பல பேர், "நமக்கெல்லாம் தொழிலாளர் சட்டம் கிடையாது ப்ரோ" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். ஆனால் தானாக ராஜினாமா செய்தவர் ஆட்குறைப்புக் கணக்கில் வர மாட்டார். பல அறைகளில் "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரெகார்ட் நல்லா இருக்கும்" என்று ஏன் அவ்வளவு அன்பாகச் சொல்கிறார்கள் என்பது இப்போது புரியும். யார் தொழிலாளி, யார் மேலாளர் என்பதை, விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயரை வைத்து மட்டும் தீர்மானிப்பதில்லை. உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதனால் இன்றைய பிரிவு எண்களை ஒரு தொழிலாளர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.

அறுபதாவது நாள்

என் பதில் மெயிலில் கோபம் எதுவும் இல்லை. முதல் வரைவில் இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதினது அது, காலையில எழுந்து அழிச்சேன். அனுப்பியதில் மூன்றே கேள்விகள். ஒன்பது நாளில் எத்தனை நாள் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது, இணைத்துள்ள கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இதே மாட்யூலில் மற்றவர்களின் சராசரி என்ன? மூன்றாவது இலக்கை யார், எதை வைத்து, எந்தத் தேதியில் மதிப்பிடுவார்கள்?

இரண்டாவது கேள்விக்கு எச்.ஆரிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் டீமில் இரண்டு பேர், நான் எதற்காகக் கேட்கிறேன் என்று தெரிந்தும், தங்கள் டிக்கெட்டுகளைத் தாங்களே எண்ணி எழுத்தில் அனுப்பினார்கள். ஒருவருக்கு எட்டு நாள், ஒருவருக்குப் பத்து. அதில் ஒருவருக்கு அப்போது ப்ரொபேஷன்கூட முடியவில்லை. "நாளைக்கு எனக்கும் இதே நம்பரைத்தானே காட்டுவாங்க அண்ணா" என்றார்.

வாட்டர்டவுனில் கூனியின் பெயர்தான் வரலாற்றில் நின்றது. ஆனா யோசிச்சுப் பாருங்க, அவர் மட்டும் தனியா வெளிய நடந்திருந்தா, வேலை போன ஒரு மோல்டர், அவ்வளவுதான். பின்னால் நடந்தவர்களால்தான் அது நாடாளுமன்றம் வரை போனது.

ஒவ்வொரு வாரச் சந்திப்பு முடிந்ததும், பேசியதை நான்கு வரியில் மெயில் போட்டேன். "நான் புரிந்துகொண்டது இது, தவறாக இருந்தால் திருத்தவும்." மூன்றாவது வாரம், முதல் இலக்கு மாறியது. மொத்த நாட்களை விட்டுவிட்டு, நான் கோடு எழுதும் நாட்களை மட்டும் பார்ப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது இலக்கு சத்தமில்லாமல் ஆவணத்திலிருந்து காணாமல் போனது. அறுபதாவது நாள் பிஐபி முடிந்ததாகக் கடிதம் வந்தது.

இதை ஜெயிச்ச கதையா சொல்ல மாட்டேன். அந்த வருட ரேட்டிங் அடிமட்டத்திலேயே நின்றது. போனஸ் கிடையாது. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் ஒரு அமைதி வரும், அது கடைசிவரை போகவில்லை. பிஐபி நடக்கும்போதே இன்டர்வியூக்களும் போய்க்கொண்டிருந்தேன். அந்த மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான் இன்டர்வியூவில் என் குரல் நடுங்குவது நின்றது. வேறு வேலை கிடைத்தது. பிறகுதான் ராஜினாமா, என் தேதியில், என் காரணத்தோடு. அந்த ரெண்டு பேர்ல யாருக்கும் அந்த ஒன்பது நாள் கணக்கை வச்சு இதுவரைக்கும் கடிதம் வரலை.

பிஐபி எல்லாமே அநியாயம்னு நான் சொல்லலை. உண்மையாவே வேலை சரியில்லாம, ஒரு நல்ல மேனேஜர் கூட உட்கார்ந்து தூக்கிவிட்ட ஆட்களையும் எனக்குத் தெரியும். உங்க கையில இருக்கறது எந்த மாதிரின்னு கண்டுபிடிக்க, நீங்களும் ஒரு தடவை அளந்து பார்த்துத்தான் ஆகணும். அளந்த பிறகு தப்பு உங்க பக்கம்னு தெரிஞ்சாலும் லாபம்தான், எதைத் திருத்தணும்னு தெரியும்.

கடைசி நாள் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "அசிடிட்டின்னியேடா" என்றார். பெரியப்பாவுக்கும் ஃபோன் போட்டு வாட்டர்டவுன் கதை முழுசும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அந்த வாட்ச்சுக்காரன் ஒரு நாளாச்சும் மண்ணுல கை வச்சுப் பார்த்தானா கண்ணு?"

நான் படிச்ச வரைக்கும் இல்லை பெரியப்பா.

அடுத்த எபிசோட் ரெண்டு வாரத்துல வந்துடும். இந்த முறை நிஜமாவே. உங்க யாருக்காவது இப்ப அந்த மூணு பக்க ஆவணம் கையில இருந்தா, இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுட்டுத் தூங்குங்க. சைன் பண்றதை நாளைக்குப் பார்த்துக்கலாம்.